பாஸ் லினக்ஸில் ஒத்திசைவு மென்பொருள்: ஒரு முன்மொழிவு



ஒரு கம்ப்யூட்டரை முதன்முதலாக ஆன் செய்யும்போது அதில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருள்களை 'டீஃபால்ட்' என்கிறோம். தமிழில் இயல்பிருப்பு என்று எழுதுகிறார்கள். நாமாகத் தேடிப்பிடித்து, இறக்கி, நிறுவிக்கொள்வது வேறு. கேட்காமலே கூட வருவது வேறு. வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ இன்ஜினியராக இருந்தால் 'இதைப் போட்டுக்கோ, அதை எடுத்துடு' என்று சொல்லித் தருவார்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. பெட்டிக்குள் என்ன இருந்ததோ அதுதான் கம்ப்யூட்டர். ஆகவே இயல்பிருப்புப் பட்டியலில் எதைச் சேர்க்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்பது நமக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: சென்னை சி-டாக் நிறுவனம் வெளியிடும் பாஸ் லினக்ஸில், சிங்க்திங் என்னும் ஒத்திசைவு மென்பொருளை இயல்பாகவே சேர்த்துத் தரவேண்டும். இதற்கு எதிர்க்கருத்துகளும் உண்டு. அவற்றில் சில நியாயமானவை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் பாஸ் பற்றி. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளுக்கான வசதிகளைச் சேர்த்து 2007ல் முதல் பதிப்பு வந்தது. அதே காலத்தில்தான் தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. ஆன் செய்தால் இரண்டு பெயர் காட்டும். பெரும்பாலோர் விண்டோஸைத் தொட்டார்கள், பாஸ் ஒரு மூலையில் கிடந்தது. இன்று நமக்கெல்லாம் அக்கா அண்ணன்மாரிடமிருந்து கைமாறி வருகிற பழைய லேப்டாப்களில், விண்டோஸ் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்போதுதான் பாஸின் அருமை தெரிகிறது.

ஒத்திசைவு ஏன் தேவை?

நம்ம ஒரு ப்ராஜெக்ட் ஃபைல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லேப் கம்ப்யூட்டரில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வீட்டு லேப்டாப்பில் ஒன்று, பேட்ச் மேட்டிடம் ஒன்று, ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் பிரிண்டுக்குக் கொடுத்தது ஒன்று. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் உண்மையான ஃபைனல்' என்று பெயர் வேறு. இவற்றில் எது கடைசியாகத் திருத்தியது என்பதைக் கண்டுபிடித்து எல்லா இடத்திலும் அதையே வைப்பதற்குப் பெயர்தான் ஒத்திசைவு.

கேட்க எளிது. ஆனால் சீனியர் பேட்ச் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். நான்கு பேர் கொண்ட பேட்ச். ரிப்போர்ட்டில் சோதனை முடிவுகள் உள்ள அத்தியாயத்தை ஒரு அக்கா மூன்று நாள் லேபிலேயே உட்கார்ந்து அடித்து முடித்தார். அந்த லேப் கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆன் செய்தால் கடிகாரம் 2009 ஜனவரி 1 என்று காட்டும். சேமித்த ஃபைலிலும் அதே தேதி விழுந்தது. பென்டிரைவில் எடுத்துப் போய் வீட்டு லேப்டாப்பில் போடும்போது 'இங்கே இருப்பது புதியது, கொண்டுவந்தது பழையது, எதை வைக்கட்டும்?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. தேதியைப் பார்த்தால் யாராக இருந்தாலும் புதியதைத்தான் வைப்பார்கள். அவரும் அதைத்தான் செய்தார். பிறகு அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்கு நகல் எடுத்தபோது அதில் இருந்த நல்ல பிரதியும் போயிற்று. லேப் கம்ப்யூட்டர் என்றால் ரீபூட் செய்ததும் எல்லாவற்றையும் துடைத்துப் பழைய நிலைக்குப் போய்விடும் ரகம். மறுநாள் ரிவ்யூவில் அந்த அத்தியாயம் இல்லாமலே நின்றார்கள், இன்டர்னல் மார்க்கும் அதற்கேற்ப வந்தது. இதில் அந்த அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை. கடிகாரத்தை நம்பி முடிவெடுக்கும் முறைதான் தப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருவோம்.

'கூகுள் டிரைவில் போட்டு வைக்க வேண்டியதுதானே?' என்று ஊட்டி டவுனில் இருக்கிற நண்பர்கள் கேட்பார்கள். போடலாம், சிக்னல் இருந்தால். எங்கள் எமரால்டு பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரோடே இல்லாதபோது நெட் எங்கே? சாதாரண நாளிலும் பாருங்கள்: ஒரே மேசையில் இருக்கும் இரண்டு லேப்டாப்புக்கு இடையே ஒரு ஃபைல் போக, அது கடல் தாண்டி ஏதோ ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. அதற்கு நம் டேட்டா பேக் இரண்டு முறை செலவாகிறது. இது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல்.

ஆர்சிங்க் சொல்லித் தரும் பாடம்

இந்தத் துறையில் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். 1996ல் பால் மெக்கராஸுடன் சேர்ந்து ஆர்சிங்க் என்ற மென்பொருளை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி அழகானது: இரண்டு ஊரில் ஒரே ஃபைலின் இரண்டு பதிப்புகள் உள்ளன, நடுவில் இருப்பது மெதுவான இணைப்பு. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமலே, வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது எப்படி?

பெறுபவர் தன் பழைய ஃபைலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாள எண் கணக்கிட்டு அனுப்புவார். அனுப்புபவர் தன் புதிய ஃபைலில் அந்த எண்ணுள்ள துண்டு எங்கே இருக்கிறது என்று தேடுவார். கிடைத்தால் 'உன்னிடம் உள்ள 5ம் துண்டையே போட்டுக்கொள்' என்று சொன்னால் போதும். கிடைக்காத பகுதியை மட்டும் அனுப்பினால் வேலை முடிந்தது.

சிக்கல் எங்கே என்றால், ஃபைலின் தொடக்கத்தில் ஒரே ஒரு எழுத்தை நுழைத்தால்கூட எல்லாத் துண்டும் ஒரு இடம் தள்ளிப்போகும். ஆகவே புதிய ஃபைலில் ஒவ்வொரு எழுத்து இடத்திலிருந்தும் துண்டு எடுத்து எண் கணக்கிட வேண்டும். லட்சக்கணக்கான இடத்தில் முழுக் கணக்கு போட்டால் ப்ராசஸர் தாங்காது. இங்கேதான் 'உருளும் கூட்டுத்தொகை' என்ற தந்திரம் வருகிறது. பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள், செய்து பார்க்கலாம்.

துண்டில் 4 எண்கள்: 3, 7, 2, 5. முதல் கூட்டுத்தொகை சாதாரணக் கூட்டல்: 17. இரண்டாவது, இடத்துக்கு ஏற்ற எடை போட்டுக் கூட்டுவது: 4×3 + 3×7 + 2×2 + 1×5 = 42. இப்போது ஜன்னலை ஒரு இடம் நகர்த்துகிறோம். 3 வெளியே போகிறது, 6 உள்ளே வருகிறது. புதிய முதல் தொகை 17 - 3 + 6 = 20. புதிய இரண்டாம் தொகை 42 - 4×3 + 20 = 50. சரிதானா என்று முழுசாகப் போட்டுப் பாருங்கள்: 4×7 + 3×2 + 2×5 + 1×6 = 50. சரி! துண்டில் 4 எண் இருந்தாலும் 700 எண் இருந்தாலும் ஒரு இடம் நகர அதே நான்கைந்து கூட்டல் கழித்தல்தான். இந்த எளிய எண் ஒத்துப்போனால் மட்டும், தற்செயலாகப் பொருந்தியதா என்று அறிய வலுவான இன்னொரு கணக்கைப் போடுவார்கள். இரண்டாம் ஆண்டில் படிக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் 'இதெல்லாம் எதுக்குப்பா' என்று கேட்கும் நண்பர்கள் இதை ஒரு தரம் புரோகிராம் எழுதிப் பார்க்கட்டும். நாற்பது வரிக்குள் முடிந்துவிடும்.

ஆனால் ஆர்சிங்க் ஒருவழிப் பாதை. இங்கிருந்து அங்கே அனுப்பும். இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. தேதி பார்த்துப் 'புதியதை விட்டுவிடு' என்று சொல்லலாம், அது மறுபடியும் அந்த 2009 ஜனவரி 1 கதைதான். இருவழிக்கு என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் குழுவினர் செய்த யூனிசன் என்ற மென்பொருள் உண்டு. நல்ல மென்பொருள், ஆனால் நாமாக இயக்க வேண்டும். மறந்தால் போச்சு.

சிங்க்திங் எப்படி வேலை செய்கிறது?

2013 டிசம்பரில் ஜேக்கப் போர்க் என்பவர் வெளியிட்டது சிங்க்திங். திறந்த மூலம், காசு கிடையாது. இதில் சர்வர் என்று தலைவர் யாரும் இல்லை, எல்லாக் கருவியும் சமம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எமரால்டு அணையும் அவலாஞ்சி அணையும் ஒன்றோடொன்று நீரால் இணைந்தவை. இரண்டில் எது அசல், எது நகல் என்று யாராவது கேட்பார்களா? ஒன்றில் ஏறினால் மற்றதிலும் ஏறும்.

ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்து நீளமுள்ள ஓர் அடையாளம் உண்டு. இரண்டு பக்கமும் ஒருவர் அடையாளத்தை மற்றவர் ஏற்றுக்கொண்டால்தான் பேச்சே தொடங்கும். ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றையொன்று தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும், நெட் தேவையில்லை. ஒரு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் மட்டும் போட்டு, இரண்டு லேப்டாப்பை அதில் சேர்த்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தே வேலை முடிந்தது. ஒரு பைசா டேட்டா செலவில்லை.

இனி அந்தக் கடிகார விஷயத்துக்கு வருவோம். எது புதியது என்று தீர்மானிக்க இது தேதியை நம்புவதில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் எந்தக் கருவி எத்தனையாவது திருத்தம் செய்தது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. இதற்குப் பதிப்பு வெக்டர் என்று பெயர். உதாரணமாக லேப் 3, வீடு 2 என்று இருக்கிறது என்போம். லேபில் திருத்தினால் லேப் 4, வீடு 2. இது பழையதைவிட எல்லா வகையிலும் மேல், ஆகவே வீட்டில் மாற்றிவிடலாம். லேப் கடிகாரம் 2009 என்றாலும், கற்காலம் என்றாலும் கவலையில்லை. ஆனால் தொடர்பு இல்லாத நேரத்தில் லேபிலும் திருத்தி, வீட்டிலும் திருத்தினால்? ஒரு பக்கம் (4, 2), மறுபக்கம் (3, 3). இரண்டில் எதுவும் மற்றதைவிட மேல் இல்லை. இதுதான் மோதல். அப்போது சிங்க்திங் எதையும் அழிக்காது. ஒன்றை அதே பெயரிலும், மற்றதை 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல்லும் தேதியும் சேர்த்து வேறு பெயரிலும் வைத்துவிடும். நீங்களே திறந்து பார்த்து முடிவு செய்யலாம். இந்த ஒரு வசதி இருந்திருந்தால் அந்த சீனியர் பேட்ச்சின் அத்தியாயம் பிழைத்திருக்கும்.

ஒரு பக்கச் செய்தி. மேலே படித்த உருளும் தந்திரம் சிங்க்திங்கிலும் பல வருடம் இருந்தது. 2025ல் வந்த 2ம் பதிப்பில், நடைமுறையில் உதவவில்லை என்று எடுத்துவிட்டார்கள். எனக்குத் தோன்றும் ஒரு காரணம், நாம் இன்று பயன்படுத்தும் டாக்குமெண்ட், படம், வீடியோ பலவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. உள்ளே ஒரு சொல்லை மாற்றினால் அதற்கப்புறம் வரும் பைட்டெல்லாம் வேறாகிவிடும். தேடினாலும் பழைய துண்டு கிடைக்காது. நல்ல அல்காரிதம்கூட ஃபைல் வகை மாறினால் வேலையிழக்கும்!

முன்னால் செய்தவர்கள்

இயங்குதளத்தோடு ஒத்திசைவைச் சேர்ப்பது புது யோசனை இல்லை. விண்டோஸ் 95லேயே 'பிரீஃப்கேஸ்' என்று ஒன்று கூட வந்தது. அதிகம் பேர் தொடாமலே கிடந்து பிறகு காணாமல் போயிற்று. இன்றைய விண்டோஸில் ஒன்டிரைவ் இருக்கிறது. இலவச இடம் 5 ஜி.பி., அதற்குமேல் காசு.

நமக்குப் பாடமாக இருப்பது உபுண்டு. 2009 அக்டோபரில் வந்த 9.10 பதிப்பிலிருந்து 'உபுண்டு ஒன்' என்ற ஒத்திசைவை இயல்பாகவே சேர்த்தார்கள். நிறுவும்போதே இருந்தது, ஆயிரக்கணக்கானோர் நம்பி ஃபைலைப் போட்டார்கள். கடைசியில் போட்டி தாங்காமல் 2014ல் கேனானிக்கல் கம்பெனி சேவையை மூடியது. ஜூலை முடிவதற்குள் உங்கள் ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெடு கொடுத்தார்கள். அதாவது, ஒரு கம்பெனியின் சர்வரை நம்பும் ஒத்திசைவை இயல்பிருப்பாக வைத்தால், கம்பெனி கடையைச் சாத்தும்போது பயனரும் தெருவுக்கு வருவார். சிங்க்திங்கில் அந்த ஆபத்து குறைவு. அதை உருவாக்கியவர்கள் நாளைக்கே நிறுத்தினாலும், நம் இரண்டு லேப்டாப்புக்கு இடையே உள்ள ஒத்திசைவு ஓடிக்கொண்டே இருக்கும்.

எதிர்க்கருத்துகள்

ஸ்டாஃப் ரூமில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு சார் கேட்டார்: "டெபியன் களஞ்சியத்திலேயே இருக்குதே தம்பி, ஒரு கட்டளையில் நிறுவிக்கலாமே, இயல்பிருப்பு எதுக்கு?" உண்மை, டெபியனில் அது பல வருடமாக இருக்கிறது. ஆனால் பெயர் தெரிந்தவனுக்குத்தானே ஒரு கட்டளை? மெனுவில் கண்ணில் பட்டால் ஒருவன் திறந்தாவது பார்ப்பான். களஞ்சியத்தில் இருக்கும் பல்லாயிரம் பொதிகளில் ஒன்றாக இருந்தால் அது இருப்பதே தெரியாது.

இரண்டாவது கேள்வி பாதுகாப்பு. பின்னணியில் ஓடிக்கொண்டு, நெட்வொர்க்கில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் மென்பொருளை எல்லாக் கணினியிலும் திணிக்கலாமா? இந்தக் கேள்விக்கு என்னால் 'இல்லை' என்றுதான் சொல்ல முடியும். பாஸை அரசு அலுவலகங்களிலும் பயன்படுத்துகிறார்கள். அங்கே யாருக்கும் தெரியாமல் ஃபைல் பகிரும் சேவை ஓடக்கூடாது. ஆகவே என் முன்மொழிவு: நிறுவப்பட்டிருக்கட்டும், ஆனால் ஓட வேண்டாம். பயனர் மெனுவில் தேடி, அழுத்தி, சம்மதித்த பிறகே தொடங்கட்டும். டெபியனில் இப்போதும் அப்படித்தான், பயனர் தனக்காக இயக்கினால்தான் ஓடும்.

மூன்றாவது, ரொம்பவும் முக்கியம்: ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி ஆகாது. அதே அணை உதாரணம்தான். ஒரு பக்கம் தண்ணீர் இறங்கினால் மறுபக்கமும் இறங்கும். இங்கே ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். இதற்கு சிங்க்திங்கிலேயே 'பழைய பதிப்புகளை வைத்திரு' என்ற வசதி உண்டு, ஆனால் அது முதலில் அணைந்த நிலையில் இருக்கிறது. பாஸில் சேர்க்கும்போது, நீக்கியவற்றைக் குறைந்தது 30 நாளாவது குப்பைத்தொட்டி மாதிரி வைத்திருக்கும்படி மாற்றித் தர வேண்டும். இந்த மாற்றம் இல்லாமல் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் இருப்பதே மேல் என்பேன்.

நான்காவது, பழைய லேப்டாப்பின் சுமை. விலையில்லா மடிக்கணினியின் முதல் வரிசையில் 2 ஜி.பி. ரேம்தான். முதல் முறை ஃபோல்டர் முழுவதையும் படித்துக் கணக்கிடும்போது விசிறி கத்தும், சூடாகும். அதன்பின் அமைதியாகிவிடும். போன் விஷயத்திலும் ஒரு குறை உண்டு. அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே லேப்டாப்புக்கு லேப்டாப் என்ற அளவில்தான் இப்போது உறுதி சொல்ல முடியும்.

கடைசியாக மொழி. 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று பெயரில் சேர்ந்து ஒரு ஃபைல் திடீரென்று முளைத்தால், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவன் அதை வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவான். எந்தப் பிரதியில் உழைப்பு இருந்ததோ அதையே அழிக்க நேரலாம். 'இரண்டு இடத்தில் திருத்தப்பட்டுள்ளது, பார்த்து முடிவு செய்க' என்று தமிழில் ஒரு அறிவிப்பு வரவேண்டும். பாஸ் இந்திய மொழிகளுக்காகவே பிறந்தது என்பதால் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

எப்படிக் கேட்பது?

இயல்பிருப்பில் ஒன்றைச் சேர்ப்பது என்பது நடைமுறையில், நிறுவல் வட்டு தயாரிக்கும்போது பயன்படும் பொதிப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பதுதான். வரி சின்னது, அதற்கான காரணம்தான் பெரிதாக இருக்க வேண்டும். 'நல்லா இருக்கு, சேருங்க' என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வட்டின் அளவு எவ்வளவு கூடும், 2 ஜி.பி. ரேமில் எவ்வளவு பிடிக்கும், ஆயிரம் ஃபைல் உள்ள ஃபோல்டரைப் படிக்க எத்தனை நிமிடம், கடிகாரத்தை வேண்டுமென்றே பின்னால் தள்ளிவைத்தால் என்ன நடக்கிறது, அழித்த ஃபைல் திரும்பக் கிடைக்கிறதா என்று அளந்து எண்களோடு கேட்க வேண்டும். எதிர்க்கருத்துகளையும் நாமே எழுதி, தீர்வையும் நாமே வைக்க வேண்டும். பரிசோதனையில் தோற்றுப்போனால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து மூன்று லேப்டாப்பில் இதைத் தொடங்கியிருக்கிறோம். மூன்றுமே 4 ஜி.பி. ரேம் உள்ளவை. அதனால் எங்கள் எண்களை வைத்து 2 ஜி.பி. பற்றிப் பேச முடியாது. வீட்டில் பரண்மேல் கிடக்கும் 2011, 2012 வரிசை விலையில்லா மடிக்கணினி யாரிடமாவது இருந்தால், பேட்டரி செத்திருந்தாலும் பரவாயில்லை, சார்ஜர் மட்டும் வேலை செய்தால் போதும், சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் லேபுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே இருக்கும் போட்டோக்களை முதலில் வேறு டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பாஸ் போடுவோம்.